தொட்டிலுக்குப் பம்பர் கட்டலாமா? – கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். குழந்தை உறங்கும் இடம் குறித்துக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பம்பரைப் பற்றியவை. தொட்டிலின் கம்பிகளை உட்புறமாக மறைத்துச் சுற்றிலும் கட்டுகிற, பஞ்சு வைத்துத் தைத்த துணியைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிஸ்டர், எனக்கு இது ஏழாம் மாதம். ஆன்லைனில் மரத்தொட்டில் வாங்கினோம். மெத்தை, தலையணை, இரண்டு திண்டு, பம்பர் எல்லாம் ஒரே செட்டாக வந்திருக்கின்றன. பம்பரைக் கட்டட்டுமா, வேண்டாமா? (சென்னை)

கட்ட வேண்டாம். அந்தச் செட்டில் உங்களுக்குத் தேவையானது மெத்தை ஒன்றுதான். அதுவும் கெட்டியாக இருந்தால் மட்டும். கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு ஒன்று போதும். தலையணை, திண்டு, போர்வை, பொம்மை எதுவும் முதல் ஒரு வருடம் தொட்டிலுக்குள் வேண்டாம்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசும்போது காரணம் தெரிந்தால்தான் நீங்கள் உறுதியாக நிற்க முடியும். பிறந்த குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரியது, கழுத்தில் பலம் குறைவு. உறக்கத்தில் நகர்ந்து ஓரத்துக்குப் போய் மூக்கு பஞ்சில் அழுந்தினால், முகத்தைத் திருப்பிக்கொள்ள எல்லாக் குழந்தைகளாலும் முடியாது. மூக்கு முழுவதும் அடைபட வேண்டும் என்றுகூட இல்லை. வெளிவிட்ட மூச்சு முகத்தருகே தேங்கி நிற்க, குழந்தை அதையே திரும்பத் திரும்ப இழுக்கிறது. கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது, ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருகிறது. நமக்கு அப்படி நேர்ந்தால் மூளை உலுக்கி எழுப்பிவிடும். முதல் சில மாதங்களில் அந்த விழிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் சரியாக வருவதில்லை. சத்தம் இருக்காது, அழுகை இருக்காது. கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரியாது.

கம்பியில் தலை இடித்துக்கொண்டால்? கால் இடுக்கில் மாட்டிக்கொண்டால்? அதற்காகத்தானே பம்பர்? (மதுரை, கோலாலம்பூர் உட்படப் பல ஊர்களிலிருந்து)

இடித்துக்கொள்ளும். கால் மாட்டிக்கொள்வதும் உண்டு, குறிப்பாகப் புரளத் தொடங்கிய பிறகு. அழும், தோல் சிவக்கும், சில நேரம் கன்றிப்போகும். எலும்பு முறிவது மிக அரிது. முழங்காலை மெல்ல மடக்கி, போன வழியாகவே காலை வெளியே கொண்டுவாருங்கள். இழுக்காதீர்கள்.

எதைத் தடுக்க எதைக் கொண்டுவருகிறோம் என்று பாருங்கள். கால் மாட்டிய குழந்தை அழுது உங்களை எழுப்பும், நீங்கள் எடுத்துவிடுவீர்கள். மூக்கு புதைந்த குழந்தையால் உங்களை எழுப்ப முடியாது. ஒரு பக்கம் கன்றிப்போன தோல், மறு பக்கம் உயிர். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் எனக்கு எந்தத் தயக்கமும் வருவதில்லை. கால் மாட்டுவது அடிக்கடி நடந்தால், கைகள் வெளியே இருக்க, கால்கள் உள்ளே அசையும்படித் தைத்த உறக்கப் பை வாங்கிப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அமெரிக்காவில் பம்பரைத் தடை செய்துவிட்டார்களாமே? எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்று இந்த அளவுக்குப் பேசுகிறார்கள்? என் அண்ணன் வீட்டில் பழையது ஒன்று புதிதுபோல் இருக்கிறது. (டாலஸ்)

தடை உண்மை. 2022 மே மாதம் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டப்படி, பஞ்சு வைத்த பம்பர்களைத் தயாரிப்பதும் விற்பதும் அங்கே குற்றம். அந்த ஆண்டு நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே சிகாகோ நகரம் 2011இல் விற்பனையைத் தடை செய்தது, மேரிலாந்து மாநிலம் 2013இல் செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2011 முதலே கூடாது என்று சொல்லி வருகிறது.

மருத்துவர் பிராட்லி தாச்சும் உடன் ஆய்வாளர்களும் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுகளைத் தேடி, 1985 முதல் 2005 வரை பம்பரோடு தொடர்புடைய 27 மரணங்களைக் கண்டு 2007இல் வெளியிட்டார்கள். மூக்கு அழுந்தி மூச்சடைத்தவை, பம்பருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கியவை, கட்டும் நாடா கழுத்தில் சுற்றிக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. 2016இல் வந்த அடுத்த ஆய்வு 2012 வரை பார்த்து 48 என்றது. இவை பதிவாகி, காரணமும் எழுதப்பட்டவை மட்டும்.

அவ்வளவு பெரிய நாட்டில் இது சிறிய எண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். தடுத்திருக்கக்கூடிய மரணத்தில் சிறிய எண் என்று நான் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன். சரியான இடைவெளியுள்ள இன்றைய தொட்டிலில் பம்பர் இல்லாததால் ஒரு குழந்தையின் உயிர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் வீட்டுப் பம்பரை வாங்காதீர்கள். சட்டம் விற்பனையைத்தான் தடுக்கிறது, வீட்டுக்குள் வந்து பார்க்காது. ஆனால் பஞ்சு அதே பஞ்சுதான்.

வலைத்துணியில் வருகிற பம்பர்? "காற்றோட்டமானது" என்று போட்டிருக்கிறது. பின்னல் மாதிரி முறுக்கிய தலையணையும் அழகாக இருக்கிறது. (சிங்கப்பூர்)

முறுக்கிய பின்னல் வேண்டவே வேண்டாம். தட்டையான பம்பரைவிடத் தடிமன், மடிப்புகளுக்குள் முகம் புதைய இடமும் அதிகம்.

பஞ்சில்லாத வலைத்துணிக்கு அமெரிக்கச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. மூச்சடைக்கும் ஆபத்து அதில் குறைவு என்பதும் சரி. இருந்தாலும் நான் சொல்லமாட்டேன். ஓயாமல் உதைக்கிற குழந்தையிடம் அது நாளடைவில் தளர்கிறது. தளர்ந்த வலைக்கும் மெத்தைக்கும் இடையே கையோ தலையோ நுழையும், நாடா அவிழும். குழந்தை மருத்துவர்களின் அறிவுரையும் கம்பியில் எதையும் கட்டாதீர்கள் என்பதுதான். பொட்டலத்தின் மேல் அச்சடித்த வாசகத்தை எந்த மருத்துவரும் எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டில் இருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். பம்பர் கட்டினால் சரியாகிவிடுமா? (காரைக்குடி)

நல்ல கேள்வி, பம்பர் பிறந்த கதையே இதில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தொட்டில்களில் கம்பிகள் அகல அகலமாக இருந்தன. குழந்தையின் உடம்பு வழுக்கி வெளியே போய்விடும், தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை மறைக்கத்தான் சுற்றிலும் துணி கட்டினார்கள். 1970களில் அமெரிக்கா, இடைவெளி 2⅜ அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்தது. தொட்டில் மாறிவிட்டது, பம்பர் மட்டும் அலங்காரமாகத் தங்கிவிட்டது.

ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். குளிர்பான கேன் நுழைகிறதா என்று பார்ப்பது பழைய வழி. இப்போது ஒல்லியான கேன்களும் வருவதால் ஸ்கேலே நம்பகமானது. 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் துணி கட்டிச் சமாளிக்காதீர்கள். நல்ல தச்சரை அழைத்து நடுவில் கம்பிகள் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். அந்தத் தூசி பறக்கும்போது கர்ப்பிணியும் குழந்தைகளும் வீட்டில் இருக்க வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. இதெல்லாம் முடியாவிட்டால் அந்தத் தேக்கு புத்தக அலமாரியாகட்டும்.

எங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. மருத்துவமனையில் சுற்றிலும் துணியைச் சுருட்டிக் கூடுபோல் வைத்திருந்தார்கள். வீட்டில் மட்டும் ஏன் கூடாது? (திருச்சி)

எங்கள் பிரிவில் நாங்களும் அப்படித்தான் வைக்கிறோம். வயிற்றுக்குள் கைகால் மடக்கி இருந்த குழந்தைக்கு அந்த அணைப்பு தேவைப்படுகிறது. ஆனால் அந்தக் குழந்தையின் பாதத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிவப்பு விளக்குக் கருவி ஒட்டியிருக்கும். அளவு சற்றுக் குறைந்தாலே மணி அடிக்கும், நான் ஓடிவந்து தலையைச் சரிசெய்வேன். உங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அந்த மணியும் இல்லை, நானும் இல்லை.

கூடு வைப்பதற்கும் ஒரு காலம் உண்டு. உடல்நிலை தேறியதும், வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 32 வாரக் கணக்கு வரும்போது, மல்லாந்து தட்டையாகப் படுக்கப் பழக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு அனுப்பும் முன் சுருளை எடுத்துவிட வேண்டும். உங்கள் குழந்தைக்கு எடுத்தார்களா என்று அடுத்த பரிசோதனையின்போது கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதனால் உங்களிடம் இரண்டு மடங்கு அழுத்தி வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா, என் மாமியார் தன் பழைய சுங்குடிப் புடவையில் பஞ்சு வைத்து, மயில் தைத்து, பம்பர் கொண்டுவந்திருக்கிறார். ஊரிலிருந்து பெட்டியில் பாதி இடம் அதற்கே. வேண்டாம் என்றால் மனம் உடைந்துவிடும். (லண்டன்)

உடையாமல் சொல்ல முடியும், அம்மா. நீங்கள் சொல்வதைவிட அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியரிடம் மாமியார் முன்னிலையிலேயே கேளுங்கள். பிரிட்டனில் அவர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். மருமகள் மறுத்ததாக இருக்காது.

அந்தத் துணியை வீணாக்கவும் வேண்டாம். நாடாவைப் பிரித்துவிட்டுத் தரையில் விரித்தால், குழந்தை விழித்திருக்கும்போது குப்புறப் படுத்துத் தலை தூக்கிப் பழக அருமையான விரிப்பாகும். பாட்டி எதிரில் உட்கார்ந்து மயிலைக் காட்டிக் கூப்பிடட்டும். குழந்தை பார்வையில் இருக்கும்வரை அதில் எந்தத் தீங்கும் இல்லை.

மூன்று பிள்ளைகளைத் தூளியில் போட்டு வளர்த்தவள் நான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறீர்களே? (திருநெல்வேலி)

உங்கள் பிள்ளைகள் நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி, அம்மா. தூளியின் தாலாட்டில் குழந்தை சொக்கிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன். தப்பிய குழந்தைகளின் அம்மாக்கள்தான் இப்படிக் கேட்க முடிகிறது, தப்பாதவர்களின் அம்மாக்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தூளியில் துணி வளைவதால் பிஞ்சுக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் ஒட்டும், மூச்சுக்குழல் மடங்கும். இரு பக்கத் துணியும் முகத்தின்மேல் மூடிக்கொள்ளும். சாய்ந்த நிலையில் உறங்கவைக்கும் பொருள்களையும் 2022 சட்டம் தடுத்தது இதே காரணத்துக்காக. பத்து டிகிரிக்கு மேல் சாய்வு கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளித் துணியைச் சுழற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளும் நம் நாட்டில் வருகின்றன. ஆட்டித் தூங்கவைக்க வேண்டுமென்றால், பார்த்துக்கொண்டே ஆட்டுங்கள். கண் அயர்ந்ததும் தூக்கித் தட்டையான இடத்தில் மல்லாக்கப் போடுங்கள். இரவு முழுவதும் தூளி வேண்டாம். பகலில் குழந்தை தூங்கியதும் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள்.

மல்லாக்கப் போட்டால் பால் கக்கிப் புரையேறாதா?

ஏறாது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்த பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் 1994இல் தொடங்கியபின் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

டொராண்டோ குளிரில் கம்பி வழியாகக் காற்று வருகிறது. பம்பர் மறைக்குமே?

அறையைச் சூடாக்குங்கள், தொட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள், குழந்தைக்கு உறக்கப் பை போடுங்கள். உங்களுக்கு எத்தனை அடுக்கு வேண்டுமோ அதைவிட ஒன்று கூட இருந்தால் போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கை, பாதம் குளிர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்தே.

கொசுவுக்காகத்தான் பம்பரும் வலையும் சேர்ந்த செட் வாங்கினேன். (புதுச்சேரி)

வலை இருக்கட்டும், பம்பரைப் பிரித்து எடுத்துவிடுங்கள். வலை இழுத்துக் கட்டியதாக, குழந்தையின் கைக்கு எட்டாததாக இருக்க வேண்டும். தொய்ந்து உள்ளே விழுகிற வலை வேண்டாம்.

ஒரு வயது முடிந்த பிறகு கட்டலாமா?

அப்போது மூச்சடைப்பைவிட வேறு தொல்லை. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை பம்பரின்மேல் கால் வைத்து ஏறிக் கம்பியைத் தாண்டி விழும். பிடித்து எழத் தொடங்கியதும் மெத்தையை அடித்தட்டுக்கு இறக்குங்கள். உயரம் 90 சென்டிமீட்டரை நெருங்கினால் தொட்டிலை விட்டு மாற்றிவிடுங்கள்.

தொட்டிலை எந்த இடத்தில் போடுவது, சிஸ்டர்? ஜன்னல் ஓரம்தான் காலியாக இருக்கிறது. (கொழும்பு)

முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, உங்கள் கட்டிலுக்கு அருகில், ஆனால் தனிப் படுக்கையாக இருக்கட்டும். ஜன்னல் ஓரம் வேறு வழியில்லை என்றால், திரைச்சீலையின் கயிறு, பிளைண்டின் கயிறு, சார்ஜர் வயர் எதுவும் குழந்தையின் கைக்கு எட்டாமல் ஆணியில் உயரச் சுற்றிக் கட்டிவிடுங்கள். உங்கள் கட்டிலையும் தொட்டிலையும் ஒட்டிப் போட்டால் நடுவில் குழந்தை நழுவும் அளவுக்கு இடுக்கு விடாதீர்கள். அதைப் போர்வையைத் திணித்து அடைக்கவும் வேண்டாம்.