மருத்துவர் பதில்கள்: ஸ்டென்ட் ஒருபுறம், சிறுநீரகம் ஒருபுறம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, நாள்பட்ட சர்க்கரை. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. மறுபடி நெஞ்சுவலி வந்ததால் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 160 மைக்ரோமோல். சாய மருந்தால் கிட்னி போய்விடுமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேறு நேர்ந்திருக்கிறார்.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: இந்த வயதுக்கு 160 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) சுமார் 42, அதாவது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்தின் பின்பாதி. டயாலிசிஸுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படியும், ஸ்டென்ட் சரியாக விரியாது. மறு அடைப்பு, மாரடைப்பு, ரத்தக் கசிவு எல்லாமே மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். பைபாஸ் செய்துகொண்டாலும் அந்தக் கூடுதல் ஆபத்து நீங்காது.

சாய மருந்துக்குப் பயந்து தேவையான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பாதிப்பு வந்தால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஏறிய கிரியாட்டினின் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இறங்கிவிடும். முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள்: வழக்கமாகக் கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி., இதயம் பலவீனமானால் அதில் பாதி. சாயத்தின் அளவு ஈ.ஜி.எஃப்.ஆரைப் போல மூன்று மடங்குக்குள், இவருக்குச் சுமார் 125 மி.லி.க்குள் இருந்தால் நல்லது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்த பிறகே தொடரவேண்டும். சாயத்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்று கொடுக்கப்படும் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையால் பயனில்லை என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வே காட்டிவிட்டது. இன்னும் சிலர் எழுதிக்கொடுக்கிறார்கள்!

எனக்குக் கவலை காவடிதான். கொளுத்தும் வெயிலில், விரதத்தோடு, வெறுங்காலில் நடந்தால் உடலில் நீர் வற்றும். பெரிண்டோபிரில் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டும் சாப்பிடுபவர், கால்வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டுக்கொண்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் சட்டென்று குறைந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் பட்டினி கிடந்தால் ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். நெஞ்சுவலிக்குக் காரணம் தெரியும்வரை காவடி வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கால்வலிக்குப் பாராசிட்டமால் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அளவை டாக்டரிடம் கேளுங்கள். காரம்போல் என்னும் நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம்: சிறுநீரகம் பழுதானவருக்கு அது நிற்காத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வரவழைக்கும். எதை நிறுத்தினாலும், ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பைபாஸ் ஆன அம்மாவுக்கு டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவை) போடப்போகிறார்களாம். சரியா?
– வாசகர், த்ரியோலே

பதில்: பைபாஸில் இடது மார்புத் தமனியைப் பயன்படுத்தினார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அந்தத் தமனியும் இடது கைக்குப் போகும் ரத்தமும் ஒரே பெரிய குழாயிலிருந்து பிரிகின்றன. ஃபிஸ்டுலா ரத்தத்தை இழுத்துக்கொண்டால் இதயத்துக்குப் போவது குறைந்து, டயாலிசிஸின்போதே நெஞ்சுவலி வரலாம். வலது கையில் போட முடியுமா என்று அறுவை மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை ஃபிஸ்டுலா போடப்போகும் கையில் ஊசி ஏற்றவோ, முழங்கைப் பக்கம் ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.