ஆள் பற்றாக்குறையும் விலையேற்றமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் அருகே தோல் பொருட்களுக்கான கிடங்கு கட்டி வருகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்ததாரர், பாதி வேலையில், கூலியும் ஜல்லி விலையும் ஏறிவிட்டதாகச் சொல்லிக் கூடுதல் தொகை கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: முதலில் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விலையேற்றத்தை ஈடுசெய்யும் ஷரத்து இருந்தால், அதன்படி கொடுப்பதே முறை. இல்லையென்றால், விலை ஏறியது என்ற ஒரே காரணத்துக்காகப் பேசிய தொகையை உயர்த்தக் கோரும் உரிமை பொதுவாகச் சட்டத்தில் இல்லை. ஆனாலும், பாதியில் நிற்கும் கட்டடத்தை எடுத்துச் செய்ய வருகிற புதியவர் இவர் கேட்பதைவிட அதிகமாகவே கேட்பார் என்பதால், உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் உங்களுக்கு நல்லது.

மொத்தமாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ளாமல், பொருளையும் கூலியையும் பிரித்துக் கணக்குக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்கான வரி நடைமுறைக்கு வந்தபோது ஜல்லியும் எம்.சாண்டும் விலை ஏறியது உண்மை. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் உண்மை. ஏறியதைக் கேட்பவர் இறங்கியதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, பில்லில் உள்ள எடையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூலி விஷயத்தில் ஒப்பந்ததாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சித்தாள் ஓரளவு கிடைத்தாலும், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், வெல்டர் ஆகியோர் கிடைப்பது அரிதாகிவிட்டது. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட ரூ.9,000 கோடி டாடா மோட்டார்ஸ் ஆலையைப் போன்ற பெரிய திட்டங்களுக்கும் இதே கைத்தொழிலாளர்கள்தான் தேவைப்படுகிறார்கள். உள்ளூர் இளைஞர்களோ, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தத்துடன் நிழலில் செய்யும் வேலை ஆம்பூர் காலணி ஆலைகளில் கிடைக்கும்போது, வெயிலில் சாரம் ஏற விரும்புவதில்லை. கொத்தனார் தன் மகனைக் கரண்டி பிடிக்க அனுப்பாததில் எனக்கு வியப்பே இல்லை.

என் கவலை வேறு. ஆள் கிடைக்காமல் இழந்த நாட்களை ஈடுகட்ட, கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரித்துவிடுகிறார்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் போட்ட, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு 14 நாட்களும், அப்படி 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாட்களும் குறைந்தபட்சம் முட்டு இருக்க வேண்டும். கூடுதல் தொகை கொடுப்பதானால், இதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அளந்து முடித்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பி வருவதில்லை. என்ன செய்யலாம்?
– சிறு ஒப்பந்ததாரர், காட்பாடி

பதில்: பீகார்த் தொழிலாளர்கள் தீபாவளிக்குப் பின் வரும் சத் பூஜைக்குக் கட்டாயம் ஊர் போவார்கள், தளம் போடும் வேலையை அதற்கு முன்பே முடிக்கத் திட்டமிடுங்கள். கூலியைப் பிடித்து வைத்தால் திரும்பி வருவார்கள் என்பது தவறான எண்ணம். பாக்கியை முழுவதும் தீர்த்து அனுப்புபவரிடமே அவர்கள் நம்பி வருகிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேரை அடைத்து வைக்காமல், குடிநீரும் கழிப்பறையும் உள்ள இடம் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்யவும் உதவுங்கள். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதமாக வசூலிக்கப்படும் நல நிதி அவர்களுக்காகத்தான் இருக்கிறது.