சென்சார் மாற்றியும் என்ஜின் லைட் திரும்பத் திரும்ப எரிவது ஏன்?

கேள்வி: மேலூர் பக்கம் இருக்கிறேன். 2015 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றி சர்வீஸ் செய்த இரண்டு வாரத்தில் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேன் செய்ததில் பி0171, பி0102, பி0113 என்று மூன்று கோடுகள் (பழுதுக் குறியீடுகள்). ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று புதிதாகப் போட்டு, கோடுகளை அழித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் மறுபடி லைட், இந்த முறை பி0171 மட்டும். இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மருமகன் வாங்கித் தந்த ப்ளூடூத் ஸ்கேனரில் பார்த்தேன். வண்டி சூடானபின் ஐடிலிங்கில் லாங் டேர்ம் ட்ரிம் +21, 2500 ஆர்பிஎம்மில் +6. ஃப்ரீஸ் ஃப்ரேமில் (கோடு விழுந்த நொடியில் பதிவான எண்கள்) வேகம் 0, ஆர்பிஎம் 760, கூலன்ட் 88 டிகிரி. உள்ளே போகும் காற்றின் சூடு 41 டிகிரி. பம்ப் மாற்றலாமா? லைட் எரிந்தபடியே ஓட்டலாமா?

பதில்: பம்ப்பை இப்போது தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்களே பம்ப் மேல் சந்தேகப்பட இடமில்லை என்று காட்டுகின்றன. ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் என்ஜினுக்கும் நடுவே எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதற்கு முன், இந்த மூன்று கோடுகளும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுவோம். சென்சாருக்குக் கொடுத்த பணம் வீணானது அந்த இடத்தில்தான்.

கோடின் முதல் எழுத்து 'பி' (P) என்றால் என்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. 'சி' பிரேக், ஸ்டியரிங் பக்கம். 'பி' என்றே நம் காதில் விழும் இன்னொரு எழுத்து (B) ஏர்பேக், கதவு போன்ற பாடி சமாசாரம். அதனால் போனில் கோடைச் சொல்லாமல் எழுதி வாங்குங்கள். 'யு' என்றால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதில் கோளாறு. அடுத்த எண் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்று-பெட்ரோல் அளவு, 3 வந்தால் பற்றவைப்பு, 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு.

பி0171 என்பதற்குப் பொருள், என்ஜினுக்குள் காற்று கூடுதல் அல்லது பெட்ரோல் குறைவு. அவ்வளவுதான். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சென்சாருக்கென்று பி0130 முதல் பி0135 வரை தனிக் கோடுகள் இருக்கின்றன; சென்சாரோ அதன் வயரோ பழுதானால் பெரும்பாலும் அவற்றில் ஒன்று வரும். புகையில் ஆக்ஸிஜன் அதிகம் என்று சரியாகப் புகார் கொடுத்த சென்சாரைத்தான் கழற்றியிருக்கிறார்கள். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மற்ற இரண்டு கோடுகள் இன்னும் சுவாரசியமானவை. பி0102 என்றால் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரிலிருந்து சிக்னல் மிகக் குறைவு. பி0113 என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சர்க்யூட் திறந்து கிடக்கிறது. பல வண்டிகளில் இந்த இரண்டு சென்சாரும் ஒரே உடம்பில், ஒரே ஐந்து வயர் கனெக்டரில் இருக்கும். சாவி ஆனில் இருக்கும்போது அந்த ஒரு கனெக்டரைப் பிடுங்கினால் இரண்டு கோடும் சேர்ந்தே பதிவாகும். ஏர் ஃபில்டர் மாற்றும்போதோ, ஸ்கேனுக்கு முன் பானட்டைத் திறந்து பார்க்கும்போதோ யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். அழித்த பிறகு இரண்டும் திரும்ப வரவில்லை, காற்றின் சூடும் 41 என்று ஊருக்கு ஏற்றபடி காட்டுகிறது. ஆகவே சென்சாரும் வயரும் நலம். ஆனால் அந்தப் பக்கம் கை பட்டிருக்கிறது என்பது முக்கியமான தகவல். கனெக்டரைக் கழற்றியவர் பக்கத்திலிருக்கும் காற்றுக் குழாயின் கிளிப்பையும் தளர்த்தியிருப்பார்.

இடையில் ஒன்று. காற்று அல்லது கூலன்ட் வெப்பநிலை ஸ்கேனரில் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். வயர் அறுந்தால் அல்லது கனெக்டர் கழன்றால் கம்ப்யூட்டர் காட்டும் எண் அது. சித்திரை வெயிலில் மைனஸ் 40 என்று பார்த்தால் முதலில் வயரைக் கையால் தடவிப் பாருங்கள். வயல் ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அறுவடை முடிந்த வாரங்களில் இது அடிக்கடி நேரும். எலிக்கு என்ஜின் சூடு பிடித்த இடம். ஒரு சாண் வயரும் சரியான ஜாயின்ட்டும் போதும்.

இனி உங்கள் ட்ரிம் எண்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி பெட்ரோல் ஊற்றுகிறது. புகையைப் பார்த்து, போதவில்லை என்றால் சதவீதக் கணக்கில் கூட்டுகிறது. ஷார்ட் டேர்ம் அந்த நொடியின் திருத்தம், லாங் டேர்ம் நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டித்தான் படிக்க வேண்டும். மொத்தம் பிளஸ் மைனஸ் 10க்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25ஐத் தொட்டு அங்கேயே நின்றால்தான் பெரும்பாலான வண்டிகள் பி0171 போடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும் என்றால் இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆகவே பத்து வருஷ வண்டியில் +4, +6 காட்டுவது இயல்பு. உங்கள் 2500 ஆர்பிஎம் எண் அந்த வகை. ஐடிலிங்கில் வரும் +21தான் நோய்.

ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) உறிஞ்சும் வேகம் அதிகம், என்ஜின் குடிக்கும் மொத்தக் காற்றோ குறைவு. சின்ன ஓட்டை வழியாக நுழையும் காற்று அப்போது பெரிய பங்காகிவிடும். 2500க்கு ரேஸ் பண்ணினால் மொத்தக் காற்று பல மடங்காகும், அதே ஓட்டை பொருட்டாகாது. ட்ரிம் இறங்கிவிடும். பம்ப் பலவீனமாக இருந்தாலோ பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஐடிலிங்கில் ஒப்பேற்றிவிடும், லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும், ஓவர்டேக் செய்யும்போதோ நத்தம் ரோட்டு ஏற்றத்திலோ பிக்கப் விழும். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் தூசு படிந்தாலும் வேகத்தோடு ட்ரிம் கூடும். ஃப்ரீஸ் ஃப்ரேமும் வண்டி நின்றிருந்தபோதுதான் கோடு விழுந்தது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் கிடையாது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அவற்றில் ஓட்டை வழி நுழையும் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் பி0171 வராமல் ஐடிலிங் மட்டும் தூக்கலாக நிற்கலாம். இந்த வாசகரின் கணக்கை அப்படியே அந்த வண்டிகளுக்குப் போடக் கூடாது.

தேடும் முறைக்கு வருவோம். என்ஜின் ஆறியிருக்கட்டும். முதலில் டிப்ஸ்டிக் அடிவரை இறங்கியிருக்கிறதா, ஆயில் மூடி இறுகி, ரப்பர் வளையத்தோடு இருக்கிறதா பாருங்கள். ஆயில் மாற்றிய வண்டி என்பதால் இதை விடக் கூடாது. கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பகுதி) காற்றும் மேனிஃபோல்டுக்குத்தான் போகிறது. அங்கே கசிந்தாலும் இதே கோடு.

அடுத்தது ஃபில்டர் டப்பாவிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். முதல் சந்தேகம் இதன் மேல்தான். இரு முனை கிளிப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் சோதித்து, குழாயைக் கழற்றி வெளியே எடுங்கள். பானட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் புதுசு போலத் தெரியும். விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கம், மடிப்பின் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். இரு கையாலும் பிடித்து அடிப்பக்கம் மேலே வருமாறு வில் போல வளைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பாருங்கள். வளைக்கும்போது வாய் திறந்து, விட்டதும் மூடிக்கொள்ளும் விரிசலாக இருக்கும். கிழிந்திருந்தால் டேப் சுற்ற வேண்டாம். சூட்டிலும் ஆயில் ஆவியிலும் பசை இளகிவிடும். குழாயையே மாற்றுங்கள்.

அது நன்றாக இருந்தால் பிசிவி ஓஸ். வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் விரல் தடிமன் குழாய். இதுவும் பெரும்பாலும் வளைவின் அடியில் வெடிக்கும், அல்லது ஊறிப்போய்க் கொழகொழப்பாக இருக்கும். புதுசு சில நூறு ரூபாய் சமாசாரம். பிறகு என்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரில் ஷார்ட் டேர்மைப் பார்த்தபடி, பிரேக் பூஸ்டர் ஓஸ், பர்ஜ் வால்வ் (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் வால்வ்) ஓஸ் இவற்றை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் மெல்ல நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ட்ரிம் சட்டென்று கீழே விழுகிறதோ, கசிவு அந்தக் கிளையில். பர்ஜ் வால்வைக் கழற்றிக் கரன்ட் இல்லாமல் ஊதினால் காற்று போகக் கூடாது. போனால் அது திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் நீடித்து ஐடிலிங் மாறினால் பூஸ்டரைக் காட்ட வேண்டும், அது கோடைவிட அவசரம்.

மிச்சமிருப்பது மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் இன்ஜெக்டர் அடியிலுள்ள ஓ-ரிங்கும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பது ஒர்க்‌ஷாப் வழக்கம். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் செய்பவர்கள் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலால் ஜாயின்ட் ஓரம் மட்டும் லேசாகத் தெளியுங்கள், காயில் (பிளக்குக்குக் கரன்ட் கொடுப்பது), கனெக்டர் பக்கம் படக் கூடாது. கசிவிருந்தால் அந்த நொடியில் சத்தம் மாறும்.

புது சென்சார் போட்ட இடத்தையும் ஒரு தடவை பாருங்கள். அது சரியாக இறுகாமல் இருந்தாலோ, அதற்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட் கசிந்தாலோ வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, இல்லாத குறையை சென்சார் இருப்பதாகச் சொல்லும். ஜாயின்ட் ஓரம் கரிக்கோடு இருந்தால் அதுதான் அடையாளம். சென்சார் வயர் சைலன்சரைத் தொடாமல் கிளிப்பில் நிற்க வேண்டும்.

லைட் எரிந்தபடி ஓட்டலாமா என்றால், நிலையாக எரியும் வரை நிதானமாக ஓட்டலாம், வாரக்கணக்கில் தள்ளாதீர்கள். லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. என்ஜின் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சில கிலோமீட்டரில் அது உருகிவிடலாம். ஓரம் கட்டி நிறுத்துங்கள். மிஸ்ஃபயர் கோடு எந்த சிலிண்டர் என்றே சொல்லும், பி0303 என்றால் மூன்றாவது. அதன் காயிலை ஒன்றாவதோடு மாற்றி மாட்டி, கோடை அழித்து ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில் பழுது. மூன்றிலேயே நின்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது, இதைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கசிவை அடைத்தபின் கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போட்டோ எடுத்து வையுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும். லாங் டேர்மும் பூஜ்யத்துக்கு வரும், அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். பிறகு மேலூரிலிருந்து ஒத்தக்கடை வரை நாலு வழிச் சாலையில் 60-80 வேகத்தில் சீராகப் போய், இடையிடையே காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். ஒத்தக்கடையில் நிறுத்தி ஐடிலிங் ட்ரிம்மைப் பாருங்கள், ஷார்ட்டும் லாங்கும் கூட்டி. இதையே இன்னும் இரண்டு நாள் செய்து, ஒவ்வொரு முறையும் ஸ்கேனரில் 'பெண்டிங்' கோடு பகுதியைத் திறந்து பாருங்கள். பி0171 பொதுவாக இரண்டு ஓட்டத்தில் அடுத்தடுத்துத் தப்பு தெரிந்தால்தான் லைட்டைப் போடும். பெண்டிங்கில் அதற்கு முன்பே தெரியும்.

ஐடிலிங்கில் மொத்தம் +10க்குள் வந்து பெண்டிங் காலியாக இருந்தால் வேலை முடிந்தது. அப்போதும் +15க்கு மேல் நின்றால் மதுரையில் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து மேனிஃபோல்டுக்குள் புகை ஏற்றச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் புகை கண்ணால் தெரியும். பெட்ரோல் பம்ப் பேச்சை அதற்குப் பிறகும் எடுத்தால், கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்து, உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் மட்டும் டேங்கைத் திறக்கட்டும்.