கையேட்டில் ‘லாம்’ போடலாமா?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பதினோரு வருஷமாக மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறேன். அது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

தென்காசியிலிருந்து: அண்ணாச்சி, பில்லிங் மென்பொருள் கையேட்டில் ‘பேக்கப் எடுத்த பிறகு அப்டேட் செய்யலாம்’ என்றுதான் போட்டிருந்தேன். பாதிப் பேர் பேக்கப் எடுக்காமலே அப்டேட் செய்துவிட்டார்கள். தப்பு யார் பேரில்?

உங்கள் பேரில்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘லாம்’ ஒரு வழுக்குப் பாறை. ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் வந்தாலும் வரும். ‘சரி, போகலாம்’ என்றால் கிளம்பு என்று அர்த்தம். உங்கள் வரியைப் படித்தவர், பேக்கப்பும் இஷ்டம்போல என்று எடுத்துக்கொண்டார்.

இணைய நெறிமுறை எழுதுகிறவர்களுக்கும் ஆங்கிலத்தில் இதே தலைவலி இருந்தது. 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்களின் பொருளைக் கட்டிப்போட்டார்கள். மஸ்ட் என்றால் கட்டாயம். ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மட்டும் விடலாம், அதுவும் விளைவை யோசித்துவிட்டு. மே என்றால் அவரவர் விருப்பம். நான் தமிழில் ‘செய்ய வேண்டும்’, ‘செய்வது நல்லது’, ‘விரும்பினால் செய்யலாம்’ என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ‘லாம்’ மட்டும் தனியாக நிற்க விடுவதில்லை. உங்கள் வரி இப்படி இருக்கட்டும்: ‘முதலில் பேக்கப் எடுங்கள். அது முடியும்வரை அப்டேட்டைத் தொடாதீர்கள்.’

வள்ளியூரிலிருந்து: ‘கோப்பு சேமிக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் மரியாதையாக இருக்கிறதே?

மரியாதை சரி, யார் சேமிக்க வேண்டும்? நானா, மென்பொருளா? தானாகவே சேமித்துக்கொள்ளும் என்று நம்பி ஜன்னலை மூடியவர்களை எனக்குத் தெரியும். ‘கோப்பைச் சேமியுங்கள்’ என்பதிலேயே போதிய மரியாதை இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எச்சரிக்கைகளை எல்லாம் பக்கத்தின் கடைசியில் சிவப்புப் பெட்டியில் போடுகிறோம். சரிதானே அண்ணாச்சி?

பெட்டி இருக்கட்டும், இடம்தான் சரியில்லை. ஒருவருக்கு வழி எழுதிக் கொடுக்கிறீர்கள்: ‘சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்கு வரவும். அதற்கு முன் வண்ணார்பேட்டையில் பார்சலை வாங்கிக்கொள்ளவும்.’ அவர் முதல் வரியைப் படித்ததும் வண்டியை எடுத்துவிடுவார். இரண்டாவது வரியைப் படிக்கும்போது தாமிரபரணிக்கு மேலே நின்றுகொண்டிருப்பார். கையேட்டையும் அப்படித்தான் படிக்கிறார்கள், ஒரு வரி, ஒரு கிளிக். ‘டேட்டா அழிந்துவிடும்’ என்பது அழிக்கும் பட்டனுக்கு மேல் வரியில் வர வேண்டும். ‘விண்டோஸ் என்றால்’ போன்ற நிபந்தனையும் அப்படியே, வேலையைச் சொல்வதற்கு முன்னால்.

மேலப்பாளையத்திலிருந்து: கையேட்டில் இருக்கும் கட்டளையை அப்படியே காப்பி செய்து ஒட்டினாலும் எர்ரர் வருகிறது. ஏன்?

இதில் நானே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். என் கையேட்டை வைத்து ஒரு வாடிக்கையாளர் சர்வரில் கட்டளையை ஒட்டினார், ஓடவில்லை. என் கணினியில் கையால் அடித்தால் ஓடியது. விடிகிற நேரத்தில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்திருந்தது. இரண்டு சிறு கோடு ஒரே நீளக் கோடாகிக் கிடந்தது. வேர்டு பிராசசர் அழகுபடுத்திய வேலை. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கட்டளையை வாங்கி ஓட்டுகிற ஷெல் என்ற நிரலுக்கு வேறு எழுத்து.

அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். கட்டளையைக் கோட் பிளாக்கில், அதாவது அடித்ததை அப்படியே காட்டும் பெட்டியில், சம அகல எழுத்துருவில் போடுங்கள். ‘இங்கே அடி’ என்று ஷெல் வரித் தொடக்கத்தில் காட்டும் டாலர் குறியைச் சேர்க்காதீர்கள், அதையும் சேர்த்துக் காப்பி எடுப்பார்கள். பயனர் மாற்ற வேண்டிய இடத்தை < > என்ற கோண அடைப்பில் காட்டுவதிலும் வம்பு உண்டு. மாற்றாமல் ஒட்டினால் ஷெல் அதைக் கோப்பிலிருந்து படிக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும்.

சங்கரன்கோவிலிலிருந்து: எழுத்தே இல்லாமல் ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டால்?

தேடினால் கிடைக்காது, காப்பி எடுக்க முடியாது, அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறினால் படம் பொய்யாகிவிடும். துணைக்கு ஒன்றிரண்டு போதும்.

நாங்குநேரியிலிருந்து: ‘சேவ்’ பட்டனைச் ‘சேமி’ என்று எழுதலாமா?

திரையில் என்ன இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் தடித்த எழுத்தில் போடுங்கள். தமிழாக்க ஆசை என்றால் முதலில் பட்டனை மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.