யூரியா போட்டும் சம்பா பயிர் தேறவில்லையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் இரண்டு ஏக்கரில் சி.ஆர். 1009 ரக நெல் நட்டு 22 நாள் ஆகிறது. போர் தண்ணீர்தான் பாய்கிறது. அடியுரமாக டி.ஏ.பி. போட்டேன். பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி நிற்கிறது, தூர் கட்டவில்லை (பக்கத் தண்டு கிளைக்கவில்லை), அடி இலையில் துரு மாதிரி புள்ளி. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. நோயா, சத்துக் குறைவா?

பதில்: பெரும்பாலும் துத்தநாகக் குறைபாடு, கடையில் சிங்க் என்பார்களே அதுதான். யூரியா போதாவிட்டால் வயல் முழுக்க ஒரே சீராக வெளுக்கும். இப்படித் திட்டுத் திட்டாக வராது. வயலில் இறங்கி இளம் இலையைப் பிரித்துப் பாருங்கள். அடிப்பகுதியில் நடு நரம்பு வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் இருந்தால் அது துங்ரோ நோய். அதற்கு வைத்தியமே வேறு.

மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரும் காரத்தன்மையுள்ள மண்ணும் அதைப் பயிருக்குக் கிடைக்க விடாது. தண்ணீர் எந்நேரமும் தேங்கி நின்றால் இன்னும் மோசம். டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானாலும் இதே கதைதான்.

முதலில் தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிடுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து மாலை வேளையில் தெளியுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் பிடிக்கும். அதாவது 1 கிலோ சல்பேட், 2 கிலோ யூரியா. பயிர் தேறாவிட்டால் 15 நாள் கழித்து இன்னொரு தடவை. இதோடு பூச்சி மருந்தையும் டானிக்கையும் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். ஏற்கெனவே துருப்பிடித்த இலை பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புது இலை புள்ளியில்லாமல் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சளாகி வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. நேரடி விதைப்பிலும் மேட்டுப்பாங்கான வயலிலும் அதிகம் வரும். அதற்கு 1 சதவீத இரும்பு சல்பேட் கரைசல் தெளிக்கலாம்.

அடுத்த போகத்துக்கு மண் பரிசோதனை செய்துவிடுங்கள். குறைவு என்று வந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, பரம்படித்து (சமன் செய்து) வைத்த வயலில் நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுங்கள். உழுது புதைக்க வேண்டாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களோடு சேர்த்துப் போடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கரையாமல் கட்டிக்கொள்ளும்.