உறவுகளின் வரைபடம்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

சமூக வலையமைப்புப் பகுப்பாய்வை நோய்த்தடுப்பிலும் பாதுகாப்புக் கொள்கை ஆய்விலும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வன்னிக் கிராமங்களில் சுகாதார ஆய்வு செய்த அனுபவத்தை வைத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

அறிவியல்நகரிலிருந்து ஒரு மாணவி: ஐயா, இது முகநூல் போன்ற சமூக வலைத்தளங்களை ஆராய்வதா? வழக்கமான கருத்துக்கணிப்பிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

முகநூலுக்கு வெகுகாலம் முந்தியது, பிள்ளை. வழக்கமான கணிப்பு ஒவ்வொருவரிடமும் அவருடைய வயது, கல்வி, வருமானம் ஆகியவற்றைக் கேட்டு ஆளை ஆளாகவே எண்ணுகிறது. இந்த முறையோ இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதைக் கேட்கிறது. காய்ச்சல் வந்தால் யாரிடம் போவீர்கள், அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள் என்ற கேள்விகளுக்கு வரும் பெயர்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்தால், தனித்தனிப் படிவங்களில் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியும். 1932இல் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் பெண்பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு பள்ளியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் 14 பேர் ஓடிப்போனார்கள். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரீனோ அந்தப் பிள்ளைகளின் குணத்தை ஆராய்வதோடு நிற்காமல், யார் யாரோடு பழகினார்கள் என்று வரைந்து பார்த்து, ஒருவரிலிருந்து ஒருவருக்குச் சென்ற செல்வாக்கே அந்த ஓட்டத்தை விளக்குகிறது என்றார். இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்: எங்கள் பகுதியில் எலிக்காய்ச்சல்தான் பெரிய கவலை. அது ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவதில்லையே. அப்படியானால் இந்த முறை எங்களுக்கு எதற்கு?

மிகச் சரியான கேள்வி. ஆளுக்கும் ஆளுக்கும் கோடு போட்டால் எலிக்காய்ச்சலில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆட்களை ஒரு பக்கமும் இடங்களை மறுபக்கமும் வைத்து இரண்டுக்கும் நடுவில் கோடு போடுங்கள். காலபோகத்தில் ஒருவர் தன்னுடைய வயலில் மட்டுமா இறங்குகிறார்? கூலிக்குப் போகும் வயல், மாடு குளிப்பாட்டும் வாய்க்கால், வலை வீசும் குளம் என்று ஒரே ஆளுக்கு நான்கு ஐந்து நீர்நிலைகள் இருக்கும். நோயாளிகளின் வீட்டு முகவரிகளைப் படத்தில் குறித்தால் அவை சிதறிக் கிடக்கும். அவர்கள் இறங்கிய வயல்களைக் குறித்தால் பல கோடுகள் ஒரே வாய்க்கால் துண்டில் போய்ச் சேரக்கூடும். நோய் வராமல் காக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற முடிவுக்கு வீட்டு விலாசத்தைவிட அந்தத் துண்டு உதவும்.

காசநோயிலும் இதே பாடம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறிய சமூகத்தில் பரவிய காசநோயை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். நோயாளி யாரோடு பழகினார் என்று கேட்கும் வழக்கமான தொடர்புத் தேடலால் தொற்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. நோயாளிகள் கூடும் இடங்களையும் கேட்டு வலையமைப்பை வரைந்து, கிருமியின் முழு மரபணு வரிசையையும் ஒப்பிட்டபோது, ஒரே பரவலாகத் தெரிந்தது உண்மையில் ஒரே காலத்தில் நடந்த இரண்டு பரவல்கள் என்று தெரியவந்தது.

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பநல உத்தியோகத்தர்: ஒரு செய்தியை ஊருக்குள் கொண்டுபோக யாரைப் பிடிக்க வேண்டும் என்று இதில் கண்டுபிடிக்கலாமா? நாங்கள் எப்போதும் சங்கத் தலைவிகளைத்தான் கூப்பிடுகிறோம்.

தங்கச்சி, இதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரத்துக் கிராமம் ஒன்றில், சனசமூக நிலையத்தின் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் வீடுகளைக் கீறிவிட்டு, ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று புளியங்கொட்டை கொடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் முதலில் யாரோடு கதைப்பீர்களோ அவருடைய வீட்டில் வையுங்கள் என்று கேட்டோம். மாதர் சங்கத் தலைவியின் வீட்டில் இரண்டு கொட்டை விழுந்தன. மா அரைக்கும் மில் வைத்திருந்த அம்மாவின் வீட்டில் கொட்டை குவிந்து, சோக்குக் கோடே மறைந்துவிட்டது. அவர் எந்தச் சங்கத்திலும் பதவி வகித்தவர் அல்ல. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைபடும் வரைக்கும் பெண்கள் அங்கே அரை மணி நேரம் நின்றாக வேண்டும், நிற்கும்போது கதைப்பார்கள். தொடர்ந்து வந்த தடுப்பூசிக் கிளினிக்கின் திகதியை நாங்கள் அவரிடமே முதலில் சொன்னோம்.

ஆனால் அதிகம் பேருக்குத் தெரிந்தவரைப் பிடித்தால் போதும் என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். ஹொண்டுராஸ் நாட்டில் 32 கிராமங்களில் நடத்தி 2015இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், குடிநீர்க் குளோரினும் விற்றமின் மாத்திரையும் மூன்று விதமாகத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் மூலம் அறிமுகப்படுத்தப்பட்டன. அதிக இணைப்பு உள்ளவர்களைத் தெரிந்தெடுத்தது, சீட்டுக் குலுக்கி எடுத்ததைவிட மேலாக வேலை செய்யவில்லை. எழுந்தமானமாக எடுத்தவர்கள் சொன்ன நண்பர்களைத் தெரிந்தெடுத்தபோது விற்றமின் ஏற்பு குலுக்கலைவிட 12.2 சதவீதம் கூடியது. இதன் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: பலரோடு பழகுபவருடைய பெயர்தான் பலருடைய வாயில் வரும், ஆகவே சராசரியாகப் பார்த்தால் நம்மைவிட நம்முடைய நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். முழுக் கிராமத்தையும் வரைய நேரமில்லாத உங்களுக்கு இது பெரிய வசதி. பத்துத் தாய்மாரைக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பத்துப் பேரிடம் போங்கள்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: மாதிரி எடுத்தால் போதாதா? காணாமற்போன தரவை என்ன செய்வது?

40 வீடுகள் உள்ள ஊரில் 780 சோடிகள் உண்டு. பாதி வீடுகளை மட்டும் கேட்டு அவற்றுக்குள் இருக்கும் கோடுகளை மட்டும் வரைந்தால், 190 சோடிகளைத்தான் பார்த்திருப்பீர்கள், கால்வாசிகூட இல்லை. அதனால் ஒரு சிறிய ஊரை முழுமையாகக் கேட்பது, பெரிய பிரதேசத்தில் மாதிரி எடுப்பதைவிட நல்லது. குறிப்பாக, இரண்டு கூட்டங்களை இணைக்கும் ஒற்றை ஆள் விடுபட்டால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். மென்பொருளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இப்படங்களை வரையும் கெஃபி (Gephi) என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

நீங்கள் கேட்ட காணாமற்போன தரவு என்ற சொல்லிலேயே என் மனம் சற்று நின்றுவிட்டது. நம்முடைய ஊர்களில் எல்லை போடுவதே கடினம். ஒரு குடும்பத்தின் மிக வலுவான கோடு ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ போகிறது. இன்னொரு குடும்பத்தில் அந்தக் கோடு 2009க்குப் பிறகு திரும்பி வராத மகனில் போய் முடிகிறது. யாரிடம் ஆலோசனை கேட்பீர்கள் என்று கேட்டால் அவனுடைய பெயரைச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். அதைப் பிழையான பதில் என்று அடித்துவிடாதீர்கள். வலையமைப்பில் விழுந்த அந்த ஓட்டையும் உங்கள் ஆய்வின் தரவுதான். இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் அயலை எவ்வளவு குலைத்தன என்பதை அது சொல்லும்.

செட்டிகுளத்திலிருந்து ஓர் ஆசிரியர்: உடற்பருமன்கூட நண்பர்களிடமிருந்து தொற்றும் என்று வாசித்தேன். உண்மையா?

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரின் தரவை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். 12,067 பேரை 32 ஆண்டுகள் தொடர்ந்த தரவு அது. அடுத்த ஆண்டே வேறு இரு ஆய்வாளர்கள் அதே மாதிரியான கணக்கை முகப்பருவுக்கும் தலையிடிக்கும் உயரத்துக்கும் போட்டு, அவையும் தொற்றுவதுபோலக் காட்டினார்கள். உயரம் தொற்றாது என்பது நமக்குத் தெரியும். ஒருவரைப் பார்த்து மற்றவர் மாறுவது, முதலிலேயே ஒத்தவர்கள் சேருவது, இருவரும் ஒரே சூழலில் வாழ்வது ஆகிய மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் வவுனியா மாவட்டத்தின் சிறுநீரக நோயாளிகளை உறவுக் கோடுகளால் இணைத்தால் உறவினர்கள் கொத்தாக விழலாம். அதற்காக நோய் உறவால் பரவுகிறது என்று சொல்ல முடியாது, அவர்கள் ஒரே கிணற்றில் அள்ளுகிறார்கள், ஒரே வெயிலில் வேலை செய்கிறார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்: இதையே பாதுகாப்புத் தரப்பினரும் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? நாங்கள் சுகாதாரத்துக்கு என்று வரைவது நாளைக்கு வேறு கைக்குப் போகாதா?

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. நமது மண்ணில் ‘தொடர்பு’ என்பது சாதாரணச் சொல் அல்ல. விசாரணை மேசையில் கேட்ட சொல் அது. ஆய்வாளர் வெள்ளைத்தாளில் போடும் கோட்டுக்கும் அந்த மேசையில் கேட்ட சொல்லுக்கும் பெயர் ஒன்றுதான்.

பாதுகாப்பு ஆய்விலும் நேர்மையான வேலை நடந்திருக்கிறது. 2001 செப்ரெம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரின் உறவுகளைச் செய்தித்தாள்களிலிருந்தே ஒருவர் வரைந்து காட்டினார். ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வரையும் படம் தெளிவாக இருப்பதும், நடக்க முன் எதிர்வுகூறுவதும் வேறு வேறு. அதற்குப் பத்தாண்டு முன்பே மல்கம் ஸ்பாரோ என்பவர், இவ்வகைத் தரவு எப்போதும் அரைகுறையானது, யார் உள்ளே யார் வெளியே என்ற எல்லை தெளிவற்றது, நாளுக்கு நாள் மாறுவது என்று எச்சரித்திருந்தார்.

சிக்காகோவைப் பாருங்கள். சுடப்பட்டவரோடு பழகுபவருக்கும் சுடப்படும் ஆபத்து கூடுதல் என்று அங்கு ஆய்வுகள் காட்டின. அந்த அறிவால் ஆபத்தில் உள்ளவர்களை அணுகி உதவலாம். அந்நகரப் பொலிசார் இதே சிந்தனையில், துப்பாக்கிச் சூட்டில் சிக்கக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, பட்டியலில் இருந்தவர்களுக்குச் சூடுபடும் ஆபத்துக் குறையவில்லை. ஆனால் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாகும் வாய்ப்புக் கூடியிருந்தது. 2019இல் அதைக் கைவிட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காட்டிய படம் சந்தேக நபரைக் காட்டும் படமாக வாசிக்கப்பட்டது.

சுகாதாரத்திலும் இது நடந்தது. 1984இல் எயிட்ஸ் நோயாளிகள் 40 பேரை இணைத்து அமெரிக்காவில் வரைந்த படத்தில், கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதைக் குறிக்க, படத்தின் நடுவில் இருந்த ஒருவருக்கு ‘ஓ’ (O) என்ற ஆங்கில எழுத்தை இட்டார்கள். அதைப் பூச்சியம் என்று வாசித்து, நோயைக் கொண்டுவந்தவரே அவர் என்று உலகம் பழி சொன்னது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2016இல், கிருமியின் மரபணு ஆய்வு அது பொய் என்று காட்டியது. நடுவில் இருப்பவர்தான் தொடக்கமானவர் என்று இல்லை. அதிகம் விசாரிக்கப்பட்டவரும் நடுவில் தெரியக்கூடும்.

போர்க்காலத்தில் ஒரே பரப்புக்குள் வாழ்ந்த மக்களை இப்படி வரைந்தால் எல்லோரையும் எல்லோரோடும் இணைத்துவிடலாம். அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. ஆனாலும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கும் நாட்டில், ஒரு கோடு ஒருவரை எவ்வளவு காலம் உள்ளே வைத்திருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மீண்டும் அதே பணியாளர்: அப்படியானால் பெயர்களை என்ன செய்வது?

தேவைக்கு மேல் கேட்காமல் இருப்பதுதான் முதற்காப்பு. எலிக்காய்ச்சலுக்கு வயல் போதும். சிறையில் இருந்த தம்பியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. பெயருக்கு உடனே இலக்கம் இடுங்கள், பெயர்–இலக்கத் திறவுத்தாளைப் படத்தோடு ஒரே கணினியில் வைக்க வேண்டாம், ஆய்வு முடிந்ததும் அழியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உங்கள் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியையும் படித்து வைத்திருங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: பதில் சொல்பவர் சம்மதித்திருப்பார், அவர் பெயர் சொன்ன அயலவர் சம்மதிக்கவில்லை. சிறிய ஊரில் இலக்கம் போட்டாலும், மில்லுக்குப் பக்கத்து வீடு என்றால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே ஊர்ப் பெயரோடு படத்தை வெளியிட வேண்டாம்.

அன்று அந்தச் சனசமூக நிலையத்தில் வயதான ஒரு அம்மா புளியங்கொட்டையை வைக்காமல் கையிலேயே பொத்திக்கொண்டு, “தம்பி, இதை எங்கே கொண்டுபோவீங்கள்?” என்று கேட்டார். எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு போவோம் என்று சொல்லி, எழுதிய தாளையும் அவரிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிறகுதான் அவர் தன்னுடைய மூன்று கொட்டைகளையும் வைத்தார். வேலை முடிந்ததும் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க, அந்தச் சோக்குக் கோடுகளைக் கழுவிவிட்டோம்.