மூன்று சதவீதம் முப்பத்துநான்கு ஆன கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மெய்ஜி ஜப்பான் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘1868ஐ விட (தோக்குகவா ஆட்சி விழுந்து மெய்ஜி ஆட்சி வந்த ஆண்டு) 1873தான் பெரிய திருப்பம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ஆண்டு வந்த நிலவரி 3% என்று தேடித் தெரிந்துகொண்டேன். மூன்று சதவீதம் அப்படியொன்றும் கொடுமை இல்லையே? அதற்கு ஏன் உழவர்கள் மூங்கில் ஈட்டியைத் தூக்கினார்கள்? இன்னொன்று: ஜப்பானில் பண்ணையார்களை ஒழித்தது அமெரிக்க ராணுவம்தான் என்கிறார்களே, சரியா?

ம., கரூர்

*

அன்புள்ள ம.,

அந்த 3% விளைச்சலில் அல்ல, நிலத்தின் மதிப்பில். அந்த மதிப்பை எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். மதிப்பிடப் போகும் அதிகாரிகளுக்கு அரசு ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்தது. அதையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு ‘டான்’ வயல், அதாவது சுமார் 25 சென்ட். விளைச்சல் 1.6 கோகு அரிசி. (ஒரு கோகு 180 லிட்டர், எடையில் 150 கிலோ அளவு.) கோகு 3 யென் வீதம் 4.80 யென். விதைக்கும் உரத்துக்கும் 15% தள்ளினால் மிச்சம் 4.08. இதில் நிலவரி 3%, ஊர்வரி 1% போக நிற்பது, நிலத்தின் விலைக்கு 6% வட்டி வந்ததுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றும் சேர்ந்து 10%. ஆக, 4.08ஐப் பத்தால் பெருக்கினால் நில மதிப்பு 40.80 யென். நிலவரி 1.224, ஊர்வரி 0.408, மொத்தம் 1.632 யென். 4.80 யென் விளைச்சலில் இது 34%!

கணக்கில் எது இல்லை என்றும் பாருங்கள். உழவரும் வீட்டாரும் பட்ட பாட்டுக்குக் கூலி கழிக்கவே இல்லை. வட்டியை 6% என்று தாழ்வாக வைத்ததும் சும்மா இல்லை. வட்டி தாழ்ந்தால் நில மதிப்பு ஏறும், வரியும் ஏறும். 10% என்று வைத்திருந்தால் இதே வயலின் மதிப்பு 29 யென்னுக்கு இறங்கி, நிலவரி 0.87 யென் ஆகியிருக்கும். போதாக்குறைக்கு, பல இடங்களில் சராசரி விளைச்சல் இவ்வளவு வர வேண்டும் என்று மேலிருந்தே எண்ணைக் கொடுத்து, ஊர்களைத் தலையாட்ட வைத்தார்கள்.

1868க்கு முந்தைய தோக்குகவா காலத்திலும் வரி லேசானதல்ல. ஆனால் அது பெரும்பாலும் அரிசியாக, ஊர் முழுவதின் பொறுப்பில் போனது. விளையாத வருஷம் போய்க் கெஞ்சினால் குறைத்துக்கொள்வதும் உண்டு. புதிய சட்டம் பட்டா கொடுத்தது, வரியைப் பட்டாதாரர் தலையில் வைத்தது, பணமாகக் கேட்டது. நன்றாக விளைந்தாலும் கூட்ட மாட்டோம், பொய்த்தாலும் குறைக்க மாட்டோம் என்று எழுதியும் வைத்தது. தேயிலை, புகையிலை, மரம் போன்றவற்றின் வரி 20 லட்சம் யென்னைத் தாண்டினால் நிலவரியைப் படிப்படியாக 1%க்கு இறக்குவோம் என்ற வாக்குறுதியும் அதில் இருந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

1876இல் அரிசி விலை சரிந்தது. மதிப்பீடு பழைய விலையிலேயே நின்றது. இபராகி, மியே மாகாணங்களில் உழவர் கலகம் வெடிக்க, 1877 ஜனவரியில் வரி 2.5% ஆனது. மூங்கில் ஈட்டியால் ஒரு குத்து, வெளியே வந்தது இரண்டரை என்ற பொருளில் ஜனங்கள் பாட்டே கட்டினார்கள்.

இங்கேதான் என் ஒற்றை வரிக்குக் காரணம் இருக்கிறது. 1873இலிருந்து ஜப்பானில் யென்னில் உறைந்துபோன ஒரு தொகையை யாரோ ஒருவர் கையில் வைத்திருக்கிறார். விலைவாசி நகரும்போது அவர் பிழைக்கிறார் அல்லது மூழ்குகிறார். 1877இல் சாய்கோ என்ற முன்னாள் அரசுத் தலைவர் நடத்திய சாமுராய்க் கலகத்தை அடக்க நாலு கோடி யென்னுக்கு மேல் செலவு. அதில் 2.7 கோடி புதிதாக அச்சடித்த நோட்டு. 1880 வாக்கில் கோகு அரிசி 10 யென்னைத் தாண்டியது. நம் மாதிரி வயலின் வரி இப்போது 1.02 யென். கோகு 3 யென் விற்றபோது இதைக் கட்ட 0.34 கோகு விற்க வேண்டும். 10 யென் விற்றால் 0.1 கோகு போதும். உழவர் கையில் காசு புரண்டது. அதுவரை வாங்கிவந்த மானியத்துக்குப் பதிலாக 1876இல் கடன்பத்திரம் வாங்கிக்கொண்ட சாமுராய்களின் வட்டிதான் கரைந்தது. வரி வருவாயில் 80%க்கு மேல் நிலவரியையே நம்பியிருந்த அரசும் திணறியது.

1881 அக்டோபரில் நிதியமைச்சரான மட்சுகாதா மசயோஷி நோட்டுகளைத் திரும்பப் பெற்று அழித்தார். சாராயம், புகையிலை வரிகளை ஏற்றினார். செலவுகளை மாகாணங்கள் தலையில் தள்ளினார். 1884இல் அரிசி பாதி விலைக்கு வந்தது. பாதி என்றாலும் 1873ஐ விட அதிகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உழவரைக் கொன்றது வரி மட்டுமல்ல, நல்ல காலத்தில் நிலத்தை அடகு வைத்து வாங்கிய கடன். பட்டா வந்ததால்தான் அடகே அவ்வளவு சுலபமானது. பட்டு விலையும் கூடவே சரிந்ததால் சிச்சிபு மலைப்பகுதியில் 1884 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் ஆயுதம் ஏந்திக் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். படையை அனுப்பி அடக்கினார்கள். வரி பாக்கிக்காக மட்டும் 1883 முதல் 1890 வரை நிலம் இழந்தவர்கள் 3.6 லட்சத்துக்கு மேல்.

அந்த நிலம் போய்ச் சேர்ந்த இடம் பண்ணையார் வீடு. குத்தகையை அவர் அரிசியாக வாங்கினார், வரியைப் பணமாகக் கட்டினார். இதைவிட வசதியான இருக்கை வேறில்லை. மாதிரிக் கணக்கிலேயே குத்தகை நிலத்துக்குத் தனி உதாரணம் உண்டு: விளைச்சலில் 68% குத்தகை, அதில் பாதி வரிக்கு, பாதி பண்ணையாருக்கு. 1890இல் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது 15 யென் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கே ஓட்டு; மக்கள்தொகையில் 1% சொச்சம். 2.5% வீதம் பார்த்தால் 600 யென் மதிப்புள்ள நிலம் வேண்டும். ஆரம்பகால நாடாளுமன்றங்களில் நிலவரியைக் குறை என்பதே ஏன் பெரிய கூச்சலாக இருந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கர்கள் பற்றி: பாதி சரி. பண்ணையாரின் வசதியான இருக்கையைப் போர்க்கால ஜப்பானிய அரசே பிடுங்கத் தொடங்கிவிட்டது. 1942இன் உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குத்தகை அரிசி நேரே அரசுக்குப் போனது, பண்ணையாருக்குப் பணம் வந்தது. 1945இல் அவருக்குக் கோகுவுக்கு 55 யென். விளைவித்தவருக்கு ஊக்கத்தொகை சேர்த்து 300 யென். அந்த டிசம்பரில் வந்த முதல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் டோக்கியோவின் விவசாய அமைச்சகம் எழுதியதே. பண்ணையார் 5 சோ (சுமார் 12 ஏக்கர்) வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததால் போரில் தோற்ற ஜப்பானை மேற்பார்த்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் போதாது என்றது. 1946 அக்டோபரில் வந்த இரண்டாவது சட்டம் ஊரில் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை, ஊரில் இருப்பவருக்கு 1 சோ (ஹொக்கைடோவில் 4) என்று இறுக்கியது. இதற்கு அந்த நிர்வாகத்தின் தலைவர் மக்ஆர்தருடைய அலுவலகத்தின் அழுத்தம் தேவைப்பட்டது உண்மை.

மிச்ச நிலத்தை அரசு பண்ணையாரிடம் கடன்பத்திரம் கொடுத்து வாங்கிக் குத்தகைதாரருக்கு விற்றது; வாங்கும் விலையைப் போர்க்கால அளவிலேயே யென்னில் நிறுத்திவிட்டார்கள். பணவீக்கமோ மேலே மேலே ஓடியது. குத்தகைதாரர்களுக்கு 24 ஆண்டுத் தவணை கொடுக்கப்பட்டிருந்தது. பலர் அரிசி விற்ற காசில் ஓரிரு ஆண்டிலேயே மொத்தத்தையும் கட்டிவிட்டார்கள். இந்த முறை கடன்பத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர் பண்ணையார்.